பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள்: தேனியிலிருந்து உத்தமபாளையம் வரை ஒரு சைக்கிள் காலை

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தேனியில் கிளம்பி போடி, தேவாரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் வரை பதினோரு பேருடன் சேர்ந்து சைக்கிள் ஓட்டினேன். அதுதான் என் கடைசிச் சவாரி என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் ஒருவர் சைக்கிளைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அவரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு விடிகாலை, சுற்றுச்சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த லோடு வண்டி தோளில் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எலும்பு முறிந்தது, இரண்டு மாதத்தில் கூடியும் விட்டது. பயம்தான் போகவில்லை. பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். கழுத்து திரும்பினால் சைக்கிளும் அந்தப் பக்கமே சாயும். ஒரு கிலோமீட்டருக்கு முப்பது, நாற்பது தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன், எண்ணியே பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் சைக்கிள் ஓட்டுவது இல்லை.

ஓட்டுவதை விட்டதும் முழங்கால் பிடித்துக்கொண்டது, எடை ஏறியது, தூக்கம் கெட்டது. யோகா போ, நீச்சல் போ, வீட்டுக்குள் மிதிக்கிற மெஷின் வாங்கு என்று யோசனை சொன்னவர்கள் ஏராளம். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் அவர்கள் போன் வந்தாலே எடுக்கப் பிடிக்காமல் போய்விட்டது.

செல்வி மட்டும் யோசனை எதுவும் சொல்லவில்லை. ஒரு காலத்தில் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தவள். இப்போது தேனியில் குடியிருந்து, போடியில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறாள். சைக்கிளை விற்கப் போகிறேன் என்றதும், "வித்துட்டுப் போங்கக்கா. அதுக்கு முன்னாடி எங்க ஆளுகளோட ஒருக்கா ஓட்டிட்டு வித்துருங்க" என்றாள்.

"பின்னாடி வண்டி வந்தா என்னடி பண்றது?"

"பின்னாடி நாங்க வருவோம்ல."

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறினேன். எனக்கு டிக்கெட் 65 ரூபாய், சைக்கிளுக்கு லக்கேஜ் இன்னொரு 65. முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்க டிக்கியில் படுக்க வைத்தபோது கண்டக்டர், "சைக்கிள வச்சுக்கிட்டு எதுக்கும்மா பஸ்ஸுல வாரீக" என்றார். நியாயமான கேள்விதான். மதுரையிலிருந்து தேனி 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆண்டிபட்டி கணவாய் தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. வெயிலில் அதன் அடிவாரம் கரைந்து போய், மேல்பகுதி மட்டும் வானத்தில் தனியாக நின்றது. தேனியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன், 700 ரூபாய். சைக்கிளை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விட்டார்கள்.

மறுநாள் காலை 5.15. இருட்டு இன்னும் கலையவில்லை. கடைவீதியில் பதினோரு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருபத்தைந்து வயதுக்காரர்களும் இருந்தார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். விலை உயர்ந்த கியர் சைக்கிள் நான்கு. மற்றதெல்லாம் சாதாரணம். எல்லாருக்கும் பொறுப்பாளர் மாதிரி நின்றவர் காதர் பாய். உத்தமபாளையத்தில் ஏலக்காய், மிளகு வியாபாரம், அறுபதை நெருங்குகிற வயது. தேனியில் இருக்கிற மகள் வீட்டுக்கு முந்தின நாளே வந்துவிட்டாராம். அவருடைய கருப்பு சைக்கிளின் வலது கைப்பிடியில், மொபெட்டிலிருந்து கழற்றின வட்டக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. பெருநாளுக்கு வாங்கியதில் மிச்சம் என்று சொல்லி ஆளுக்கு மூன்று பேரீச்சம்பழம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மெதுவா ஓட்டுவீகன்னு டீச்சர் சொன்னாக" என்றார்.

"ரொம்ப மெதுவா, பாய்."

"அப்ப முன்னாடி போங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது அந்தக் குழுவின் சட்டம். "இங்கன மெதுவா ஓட்டுறவுகதான் மொத ஆளு. அவுகளத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது. அவுக நின்னா எல்லாரும் நிப்போம். அவுக போற வேகந்தான் வேகம். நான் கடைசில வருவேன். வண்டி வந்தா சொல்லுவேன், அது ஒவ்வொரு வாயா ஒங்ககிட்ட வந்து சேரும்."

"எவ்வளவு மெதுவா போனாலுமா?"

"போன மாசம் இவுகதான் மொத ஆளு" என்று தேனியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜெபராஜ் அண்ணனைக் காட்டினாள் செல்வி. "எங்களத் தாண்டி ஒரு ஆட்டு மந்தையே போயிருச்சு."

ஜெபராஜ் அண்ணன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அன்னைக்கு முழங்காலு வலி, தங்கச்சி. ஆட்டுக்கு வலிக்கலை" என்றார்.

தேனியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர். முதல் இரண்டு கிலோமீட்டருக்குப் பழக்கம் போல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்த்த போதெல்லாம் செல்வியின் சைக்கிள் விளக்குதான் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொரு விளக்கு, அதற்கும் பின்னால் இன்னொன்று. சாலையில் எனக்குப் பின்னால் இருந்த இடம் முழுக்க ஆட்களால் நிரம்பியிருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் பதினோரு பேரைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். இப்படி நினைத்து நிம்மதியடைந்தது சுயநலம்தான். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் வண்டி வந்தது. எங்கோ தூரத்தில் காதர் பாய் "வண்டி" என்றார். அடுத்தவர் சொன்னார், அதற்கடுத்தவர் சொன்னார். ஒருவர் அதட்டலாக, ஒருவர் கொட்டாவியோடு. ஜெபராஜ் அண்ணன் மட்டும் கோயிலில் பாடுகிற மாதிரி இழுத்து "வண்டீ" என்றார். கடைசியில் செல்வி, "வண்டிக்கா" என்று என்னிடம் ஒப்படைத்தாள். இத்தனை வாய் மாறி வந்ததில் அந்தச் சத்தத்தின் கூர் மழுங்கிவிட்டது. தெருவில் யார் வீட்டிலோ குழந்தை பிறந்த சேதி வருவது போல வந்து சேர்ந்தது. ஒரு பஸ் வலப்பக்கமாகக் கடந்து போனது. அதன் ஜன்னல்களில் தூங்கிக்கொண்டிருந்த முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பஸ்ஸை இப்படி நிதானமாகப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

போடிக்கு 6.40க்குப் போய்ச் சேர்ந்தோம். டீ 12 ரூபாய், போண்டா 10. டீக்கடையில் நிற்கும்போதுதான் கவனித்தேன், முழங்கால் வலிக்கவே இல்லை. தனியாக ஓட்டும்போது பயத்தில் மிதிப்பேன், பயத்தில் நிறுத்துவேன், கால் திணறிப்போகும். இங்கே பின்னால் இருந்தவர்களின் செயின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்க, என் கால் அந்தச் சீருக்குப் போய்விட்டது. மூச்சும் அப்படியே. யாரும் சொல்லித் தரவில்லை.

போடியைத் தாண்டித் தெற்கே திரும்பினால் வலது கைப்பக்கம் முழுக்க மலை. சிலமலை, ராசிங்கபுரம் வழியாகத் தேவாரம் என் மீட்டரில் 17 கிலோமீட்டர். இந்தப் பாதையைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையே. அது இலவம்பஞ்சுக் காலம். இரண்டு பக்கமும் இலையில்லாத இலவ மரங்கள், கிளை நிறையக் காய், சில காய்கள் வெடித்து, பஞ்சு காற்றில் கிளம்பியிருந்தது. கீழே விழ அதற்கு மனமில்லை. கண் மட்டத்தில் நின்றது, நாங்கள் பக்கத்தில் வந்ததும் விலகி, தாண்டியதும் திரும்பக் கூடிக்கொண்டது. என் கையில் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் வந்தது. இடது பக்கம் அப்போதுதான் சூரியன் தென்னைக்கு மேலே வந்திருந்தான். எங்கள் பன்னிரண்டு பேரின் நிழலும் நீளமாக வலது பக்கம் விழுந்து, வயல் வரப்பில் ஏறி இறங்கி எங்களோடு ஓடியது.

பின்னாலிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. யாருடைய மகளுக்கோ பரீட்சை. யாருக்கோ சர்க்கரை இறங்கியிருக்கிறது, டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். மிளகு விலை. மாமியார். சின்ன வயதில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க நாம் தூங்கிப்போவோமே, வார்த்தை புரியாமல் குரல் மட்டும் கேட்கும், அப்படித்தான் இருந்தது. நான் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. என் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கண் திறந்திருந்தது, கால் மிதித்தது, மனசு எங்கேயோ போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

தேவாரத்துக்கு 8.10. நான்கு இட்லி, ஒரு வடை, 60 ரூபாய். 8.45க்குக் கிளம்பினோம். அந்த மயக்கம் தெளியாமலே முன்னால் போய்க்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் சாலை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கச் சாலையில் பஞ்சு அதிகமாகப் பறந்தது. அந்தப் பக்கம் திரும்பினேன். உண்மையான காரணம் அவ்வளவுதான்.

சாலை மெல்ல மேலேறியது, குறுகியது. மாந்தோப்பு வந்தது. பின்னால் பேச்சு குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. எல்லாரும் என்னைப் போலவே மயங்கிக் கிடக்கிறார்கள் என்று நினைத்தேன். 4 கிலோமீட்டரும் கொஞ்சமும் போனதும் தார் முடிந்தது. எதிரே ஒரு இலவந்தோப்பின் கம்பி கேட். அதற்குப் பின்னால் மலை, சுவர் மாதிரி.

சைக்கிளிலிருந்து இறங்கி, "அடுத்து எப்படிப் போகணும்?" என்று கேட்டேன்.

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்கதான்க்கா சொல்லணும்" என்றாள் செல்வி.

"எனக்கு எப்படிடி தெரியும்? நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லையே."

தோப்புக்குள் காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தொரட்டியைக் கீழே ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "எங்கிட்டுப் போகணும்?"

"கோம்பைக்கு."

"கோம்பை அங்கன இருக்கு, இங்கன வந்து நிக்கிறீக. இத்தன பேருல ஒருத்தருக்குமா வழி தெரியல?"

"பதினோரு பேருக்குத் தெரியும்மா" என்றார் ஜெபராஜ் அண்ணன் பணிவாக.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்துமா வாயை மூடிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். சட்டப்படி முதல் ஆள் போகிற வழிதான் வழியாம். நான் எதையோ பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பியதாக ஆளுக்கு ஆள் நினைத்திருக்கிறார்கள். ஜெபராஜ் அண்ணன் அருவியைத் தேடிப் போகிறேன் என்று நினைத்தாராம். காதர் பாய்க்கு, தோப்பு வாங்குகிற எண்ணம் இருக்குமோ என்று. ஒரு தம்பி, நான் மறைவிடம் தேடிப் போகிறேன் என்று நினைத்துச் சங்கடப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறான். அதைக் கேட்டதும் கோபத்தை என்னால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்த அம்மா கேட்டைத் திறந்துவிட்டார். மோட்டாரில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு இலவ மரத்தடியில் படுத்துவிட்டோம். சரியாக இருபது நிமிஷம். மேலே வெறும் கிளைகள், அதற்கு மேல் வெளிறிய வானம், இடையில் பஞ்சு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. பக்கத்தில் யாரோ லேசாகக் குறட்டை விட்டார்கள். அந்த மரத்தடியிலேயே இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. திங்கட்கிழமை, நூலகம், சைக்கிளைப் பார்க்க வருகிறவர், எல்லாமே யாருக்கோ நடக்கிற விஷயமாகத் தெரிந்தது.

9.40க்குக் கிளம்பினோம். இங்கேதான் நான் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. சாலை குறுகல் என்பதால் அவரவர் நின்ற இடத்திலேயே சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்கள். வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. கடைசியில் இருந்த காதர் பாய் முதல் ஆள். முதலில் இருந்த நான் கடைசி. "எறக்கம்தானே, மெயின் ரோட்டுல போயி மாத்திக்கிருவோம்" என்று யாரோ சொன்னார்கள், வரிசை நகர ஆரம்பித்தது. எனக்கு முன்னால் செல்வி. எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வழி தவறவிட்ட வெட்கத்தில் இன்னொரு தொந்தரவு கொடுக்க வாய் வரவில்லை. முதுகு முழுக்கக் குளிர்ந்தது. ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். தோப்புப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. அது என்ன வண்டி என்று திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. லோடு வண்டி.

கடைசி ஆள் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கழுத்து திரும்பியது, சைக்கிள் ஆடியது, இடது ஓரப் புழுதியில் இறங்கி நின்றுவிட்டேன். இலவங்காய் மூட்டைகளை மலை போல் ஏற்றிய குட்டியானை லோடு வண்டி ஒன்று என்னைக் கடந்து போனது. அது ஹாரன் அடித்த பிறகுதான் மற்றவர்களுக்கே தெரிந்தது. ஒவ்வொருவராக அவசர அவசரமாக ஓரம் இறங்கினார்கள். முன்னால் போன காதர் பாய் மட்டும் இறங்கவில்லை. ஓரத்தில் தார் பெயர்ந்திருந்ததால் நடுச்சாலையில் போய்க்கொண்டிருந்தார். ஹாரன் மறுபடி மறுபடி அடித்தது, அவர் பாட்டுக்குப் போனார். டயர் தேய்கிற சத்தத்தோடு குட்டியானை நின்றது. காற்று முதுகில் பட்டோ என்னவோ அவர் திடுக்கிட்டு வளைத்து, வாய்க்கால் ஓரத்தில் காலை ஊன்றி நின்றார். ஒரு செருப்பு தெறித்துப் போய் விழுந்தது.

டிரைவர் சின்னப் பையன், தலையெல்லாம் பஞ்சு. "பெருசு, இம்புட்டு ஹாரன் அடிக்கேன், காது கேக்கலையா?" என்று கத்தினான்.

"ஆமாப்பா. வலது காது கேக்காது. இடதும் கிட்டக்க வந்து சொன்னாத்தான்" என்றார் காதர் பாய், விலாசம் சொல்கிற மாதிரி.

அந்தப் பையன் எஞ்சினை அணைத்தான். இறங்கி வந்து செருப்பை எடுத்துக் கொடுத்தான். "மன்னிச்சுருங்க பாய்" என்று சொல்லிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.  செல்வி அவரிடம், "கண்ணாடி பாக்கலையா பாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன் டீச்சர். கண்ணாடி நெறைய நீங்கதான் இருந்தீக."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவர் காலையிலிருந்து கண்ணாடியைப் பார்த்துத்தான் எங்களுக்கு "வண்டி" சொல்லி வந்திருக்கிறார். கடைசியில் வந்தால் கண்ணாடியில் வெறும் சாலை தெரியும். முன்னால் வந்தால் பின்னால் இருக்கிற பதினோரு பேர்தான் தெரிவார்கள். இது குழுவில் எல்லாருக்கும் தெரியும். மெயின் ரோடு வரை ஒன்றும் வராது என்று விட்டுவிட்டார்கள். வந்தது. அதைக் கேட்ட ஒரே ஆள் நான், என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஓரம் ஒதுங்கிவிட்டேன்.

"பாய், நாந்தான் சொல்லல. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. பயந்துபோய் நான் மட்டும் எறங்கிட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இரண்டு வருஷக் கதையையும் அந்த நடுச்சாலையில் வைத்துச் சொன்னேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "எங்கன வரும்போது கேட்டுச்சு?"

"அது தோப்பை விட்டுக் கெளம்பும்போதே."

"அம்புட்டுத் தூரத்துலயா?"

"ஆமா பாய்."

"லோடு வண்டின்னும் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாடில எனக்குத் தெரியிறப்ப வண்டி பக்கத்துல வந்துருக்கும்மா. அரை மைலுக்கு அங்கிட்டு வாரது ஒங்களுக்குக் கேக்குதுன்னா, கடைசில வர வேண்டிய ஆளு நீங்கதான். நான் இம்புட்டு நாளா சும்மா ஒப்பேத்திக்கிட்டு இருந்துருக்கேன்" என்றார்.

செல்வி என் பக்கம் வந்து, "மாத்திக்கிருவமாக்கா?" என்று மெல்லக் கேட்டாள். வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வந்தது என்று நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவளே முன்னால் போய் இரண்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள், வருகிற சேதியை அவருடைய இடது காதில் சொல்வதற்காக.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஒரு பஸ். தூரத்திலேயே கேட்டுவிட்டது. தோள் இறுகியது. "வண்டி" என்றேன். முதல் தடவை அது ஒரு கீச்சுக் குரலாகத்தான் வந்தது. ஆனால் எனக்கு முன்னால் போன தம்பி அதை வாங்கிக்கொண்டான். அவனிடமிருந்து அடுத்தவர், அடுத்தவரிடமிருந்து ஜெபராஜ் அண்ணனின் "வண்டீ", அப்படியே போய்ப் போய் முன்னால் செல்வி குனிந்து காதர் பாயிடம் சொல்வதைப் பார்த்தேன். வரிசை முழுவதும் ஒரு முழம் இடது பக்கம் ஒதுங்கியது. பஸ் போனது. தோள் இளகியிருந்தது. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறேன். அதை வெளியே சொல்லிக் கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

பண்ணைப்புரம், கோம்பை. டிராக்டர் சொன்னேன், ஆட்டோ சொன்னேன், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் சொன்னேன். கோம்பை தாண்டி ஒரு ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. "மெதுவா" என்றேன். அதுவும் வாய் மாறி முன்னால் போய், வரிசை முழுக்க மெதுவானது. பள்ளத்தாக்கு இடது பக்கம் விரிந்து கிடந்தது. அறுத்த வயல், அறுக்காத வயல், தென்னை, அதற்கும் அப்பால் திராட்சைப் பந்தல்கள் பச்சைத் தண்ணீர் தேங்கினது போல் தெரிந்தன. எனக்கு முன்னால் பதினோரு முதுகுகள் ஆடி ஆடிப் போயின. வெயில் ஏறியிருந்தது, கானலில் முன்னால் போகிறவர்களின் சக்கரம் தரையைத் தொடவில்லை. உத்தமபாளையம் ஆற்றுப் பாலம் வந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பதினான்கு கிலோமீட்டரில் நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

11.30. மீட்டர் 56 கிலோமீட்டர் காட்டியது, அதில் எட்டரை என் புண்ணியம். மதியச் சாப்பாடு காதர் பாய் வீட்டில். நெய்ச்சோறும் தால்ச்சாவும். சைக்கிள்களை வீட்டுக்கு முன்னால் வரிசையாகச் சாய்த்துவிட்டு, கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய வீட்டம்மா எனக்கு இரண்டாம் தடவை சோறு வைத்துக்கொண்டே, "இனி எங்க வீட்டுக்காரவுக முன்னாடி போனா வழியாவது தப்பாது" என்றார். அதற்குள் கதை வீடு வரை வந்துவிட்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் இடம் கிடைத்தது. பின்னால் வருகிற அத்தனை வண்டிச் சத்தமும் முதுகுக்கு நேரே கேட்டது. சின்னமனூர் வருவதற்குள் தூங்கிப்போய், மதுரையில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன். திங்கட்கிழமை வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, காபி கொடுத்து அனுப்பினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பயம் அடியோடு போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. மதுரையில் தனியாக ஓட்டும்போது இன்னும் திரும்பிப் பார்க்கிறேன், ஆனால் குறைந்திருக்கிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தூக்கம் வருகிறது. இதற்கெல்லாம் கூட்டமாக ஓட்டியது மட்டும்தான் காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை. வேகம் ஏற்றிக்கொள்ளவும் எடை குறைக்கவும் தனியாக ஓட்டினாலும் முடியும். நம்மிடம் இருக்கிற ஒரு குறை இன்னொருவருக்கு உபயோகப்படுகிறது என்பதைத் தனியாக ஓட்டித் தெரிந்துகொள்ள முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் அதிகம், சின்னமனூர்–கம்பம் நெடுஞ்சாலையைத் தவிர்த்து இந்த மலையோரப் பாதையில் போங்கள். பஞ்சு பார்க்க வேண்டுமானால் மார்ச் கடைசிதான். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் வெயில் தாங்காது. இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். போடியை விட்டால் ஞாயிற்றுக்கிழமை பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள், டியூபும் பம்பும் கையில் இருக்கட்டும். பெண்களுக்குக் கழிப்பறை போடி பேருந்து நிலையத்தில் இருக்கிறது, அடுத்தது தேவாரத்தில் சாப்பிடுகிற ஓட்டலில் கேட்டுப் போய்க்கொள்ள வேண்டும். பஸ், லக்கேஜ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. முன்னால் போகச் சொன்னால், வழி தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களை யாரும் திருத்த மாட்டார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு, காலை 5.15, தேனி கடைவீதி. மெதுவாக ஓட்டுகிறவராக இருந்தால் நல்லது, முன்னால் இடம் இருக்கிறது. நான் கடைசியில் வருவேன். பின்னால் எது வந்தாலும் சொல்கிறேன், நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்.